புருவம் வரட்டும் என்று இருந்த பதினாறு மாதம்

1. துண்டில் ஒட்டிக்கொண்டது

ஒரு திங்கட்கிழமை காலை, ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் பச்சைத்தோல் கொட்டகையில் நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தேன். துண்டை உதறப் போனால் என் இடது புருவத்தில் பாதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. மிச்சப் பாதியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அதுவும் கையோடு வந்துவிட்டது.

இப்போது ஷாப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து, பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். தலையில் ஒரு முடி கிடையாது. புருவம் கிடையாது, கண் இமையிலும் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குக் கேட்க ஆசைதான், ஆனால் வாய் வருவதில்லை. சரி, தொலையட்டும், நானே எழுதிவிடுகிறேன். என் பெயர் அருளப்பன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். பிறகு படித்ததெல்லாம் தோல்தான்.

என் வேலை தோல் பார்ப்பது. வண்டியில் வந்து இறங்குகிற தோல் எதுவானாலும் முதலில் என் கைக்கு வரும். வயிற்றுப் பக்கத்து மயிரை ஒரு கொத்துப் பிடித்து வெடுக்கென்று இழுப்பேன். மயிர் நின்றால் நல்ல தோல். கையோடு வந்தால் உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நாற்றம்கூட எழும்பியிருக்காது. ஆனாலும் மயிர் விட்ட தோலைத் தனியாக வீசிவிடுவோம். அதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த வேலையை அப்போதே பன்னிரண்டு வருஷம் செய்திருந்தேன்.

அப்படிப்பட்டவன் கையில் அவன் புருவமே வந்தால் என்ன நினைப்பான்? நான் உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை.

2. எஸ்தர் ஊருக்குப் போயிருந்தாள்

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். என் மனைவி எஸ்தர் தலைப்பிரசவத்துக்குக் கணியம்பாடியில் இருக்கிற அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை பிறந்த ஐந்தாம் மாதம் புருஷன் போய் அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது எங்களில் வழக்கம். அவன் போகாமல் பெண் தானாக வரக்கூடாது. வந்தால் அவளைத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசும்.

புருவம் போனபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எஸ்தரின் பெரியப்பா. அவருக்குப் பெருவியாதி, அதாவது குஷ்டம். ஏரிக்கரை ஓரமாக ஒரு குடிசை போட்டு அங்கே வைத்திருந்தார்கள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் வந்து எடுக்கும் முன் திரும்பி வந்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் எஸ்தர் இதைச் சொல்லும்போது, "மொதல்ல அவுருக்குப் புருவம்தான் போச்சு" என்று சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். புருவம் இல்லாத மருமகன் வாசலில் வந்து நின்றால் எஸ்தரை அனுப்புவார்களா? பிள்ளையைத்தான் என் கையில் கொடுப்பார்களா?

ஒரு மாதத்துக்குள் வலது புருவமும் போயிற்று. தலையில் காசு அளவுக்கு அங்கங்கே வழுவழுவென்று ஆகி, அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. தலைக்கு முண்டாசு இருக்கிறது, மறைத்துவிட்டேன். முகத்தை எதைக் கொண்டு மறைப்பது?

தோலுக்கு உப்புப் போடுகிற காதர்தான் முதலில் கண்டுபிடித்தான். எனக்கு ரொம்ப நாள் சிநேகிதன்.

"இன்னா தோஸ்த், மொகம் ஒரு மாதிரியா கீது? எங்கனா நெருப்புல பூந்தியா?"

"புழுவெட்டு" என்றேன்.

"புழுவெட்டு காசாட்டம் ஒரு எடத்துல வரும். இது இன்னா, மொத்தமா அறுவட மாதிரி ஆயிடுச்சே!"

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு வாணியம்பாடியில் வைத்தியம் பார்க்கிற ஹக்கீமிடம் எண்ணெய் வாங்கி வந்து கொடுத்தவனும் அவன்தான். அதற்கு முன்பே சின்ன வெங்காயம் தேய்த்தாயிற்று, எலுமிச்சை விதை அரைத்துப் பூசியாயிற்று. கண் எரிந்ததுதான் மிச்சம்.

3. மான் தோலுக்குப் போடுகிற மருந்து

இனி சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தோல் ஷாப்புக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

ஜவ்வாது மலையில் துரைமார் சுட்டுக்கொண்டு வருகிற மான் தோல், சிறுத்தைத் தோல் எங்கள் ஷாப்புக்குப் பதம் போட வரும். அதில் மயிர் ஒன்றுகூட உதிரக்கூடாது. அதனால் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்புக் குழிக்கே அதைக் கொண்டுபோக மாட்டோம். படிகாரத்தையும் உப்பையும் கரைத்து உள்பக்கமாகப் பூசிப் பூசி வைப்போம். தோல் இறுகும், மயிர் வேரோடு பிடித்துக்கொள்ளும். எங்கள் ஷாப்பில் இந்த வேலைக்கு நான்தான் பேர்போன ஆள்.

தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிச்சம் இருந்தது. அதையாவது நிறுத்துவோம் என்று படிகாரத்தையும் உப்பையும் கூழாகக் கரைத்து, தலையிலும் புருவம் இருந்த இடத்திலும் பூசிக்கொண்டேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம். மேல்தோல் வெடித்தது. நெற்றியில் புண் வந்தது, புண்ணின் மேல் மறுபடியும் பூசினேன். எரிகிற எரிச்சலைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எப்பேர்ப்பட்ட மடையன் பாருங்கள்!

புருவம் இல்லாத முகத்தில் புண்ணும் வந்தால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? சொன்னார்கள். முதலில் தண்ணீர்ப் பானையை எனக்குத் தனியாக வைத்தார்கள். பிறகு நான் தொட்ட தோலைச் சுண்ணாம்புக் குழிக்காரர்கள் எடுக்க மாட்டோம் என்றார்கள். மேஸ்திரி மாணிக்கம் கொட்டகை வாசலில் நின்றபடியே கூப்பிட்டார்.

"அருளப்பா, தோல கீழ போடு. போட்டுட்டு அப்படியே வெளிய வா."

முதலாளி சாயபு நல்ல மனிதர். என்னை நாற்காலிக்கு எதிரே நிற்க வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"நா ஒன்னும் சொல்லலப்பா. ஆளுங்க பேஜார் பண்றாங்க. வேலூர் போய் டாக்டர்கிட்ட காட்டு. அந்த வியாதி இல்லன்னு சீட்டு கொண்டா, அன்னிக்கே வேலைல நில்லு. கொண்டாரலன்னா நா இன்னா பண்றது, நீயே சொல்லு."

அந்த வாரம்தான் கணியம்பாடியிலிருந்து கார்டு வந்தது. அந்த ஊர் வேதக்கோயில் உபதேசியார் எஸ்தருக்காக எழுதியிருந்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், சீக்கிரம் வந்து பார்க்கவும். கார்டை வைத்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளையை என்னால் தொட முடியுமா என்று தெரியாமல் அழுதேன்.

4. சீட்டு

வேலூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் நடுவயதுக்காரர், நம் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். காது மடலைப் பிடித்துப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் அங்கங்கே தொட்டார்.

"தொட்டா சொல்லு."

"தொட்டீங்க."

"இப்ப?"

"குத்தனீங்க."

ஒரு இடத்தில்கூட நான் தவறவில்லை. அவர் ஊசியை வைத்துவிட்டு, "இது அந்த வியாதி இல்ல" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, இந்தப் புண்ணு எப்படி வந்தது?"

"படிகாரமும் உப்பும் போட்டேங்க."

"எதுக்கு?"

"மயிர் நிக்கறதுக்குங்க. மான் தோலுக்கு அப்படித்தான் போடுவோம்."

"அந்த மான் செத்துப்போச்சுப்பா. நீ உசுரோட இருக்க" என்றார்.

முடிக்கு என்ன மருந்து என்று கேட்டேன். இதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை, சீமையிலும் கிடையாது என்றார். "தானா வந்தாலும் வரும். வராமலே போனாலும் போகும். அதுக்காக எதையும் நிறுத்தி வைக்காத. வேலைக்குப் போ, பொண்டாட்டி புள்ளயப் பாரு."

இவ்வளவு சொன்னார். நான் எடுத்துக்கொண்டது "வந்தாலும் வரும்" என்ற ஒன்றை மட்டும்தான்.

சீட்டை முதலாளி படித்தார், மேஸ்திரிக்கும் படித்துக் காட்டினார். படிகாரத்தை விட்டதும் புண் ஆறிற்று. பத்து நாளில் பானை பழைய இடத்துக்கு வந்தது. வேலை நிலைத்தது.

அன்றைக்கே நான் கணியம்பாடிக்குப் போயிருக்க வேண்டும். கையில் சீட்டு இருக்கிறது, உடம்பில் வியாதி இல்லை. ஆனால் சீட்டு இங்கிலீஷில் இருந்தது. அங்கே அதை யார் படிக்கப் போகிறார்கள்? முகத்தைத்தான் பார்ப்பார்கள். டாக்டரே வரும் என்று சொல்லியிருக்கிறார், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், புருவத்தோடு போகலாம் என்று முடிவு செய்தேன். எஸ்தருக்குக் கார்டு போட்டேன். ஷாப்பில் சரக்கு ஜாஸ்தி, முதலாளி லீவு தரவில்லை, அடுத்த மாதம் வருகிறேன்.

இது சுத்தப் பொய். முதலாளியிடம் நான் லீவே கேட்கவில்லை.

5. கார்டுகள்

குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது என்று கார்டு வந்தது. குப்புற விழுகிறாள் என்று வந்தது. ஐந்தாம் மாதம் ஆயிற்று, எப்போது அழைத்துப் போக வருகிறீர்கள் என்று வந்தது.

அந்த ஐந்தாம் மாதம்தான் என் நெற்றியில் பூனை முடிபோல வெள்ளையாக ஏதோ முளைத்தது. காதரை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "வந்துடுச்சுடா!" என்று கத்தியவன் அவன்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கணியம்பாடிக்கு எழுதிவிட்டேன். வியாழக்கிழமை முகம் கழுவும்போது அத்தனையும் கையோடு போய்விட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். வரமுடியவில்லை என்று இன்னொரு கார்டு போட்டேன்.

அடுப்புக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் புருவம் வரைந்து பார்த்தேன். கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. ஒத்திகைக்காக அதோடு ஷாப்புக்குப் போனேன். வெயில் ஏறி வேர்த்ததும், "தோஸ்த், உன் புருவம் கன்னத்துக்கு எறங்கிடுச்சு" என்றான் காதர். கொட்டகையே சிரித்தது. போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஏழாம் மாதம் துணிந்து ஒரு தடவை கிளம்பினேன். பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சீட்டித் துணிச் சட்டை, ஒரு கிலுகிலுப்பை. முண்டாசைக் கண்வரைக்கும் இறக்கிக் கட்டியிருந்தேன். காட்பாடியில் வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், அவள் மகன் மூன்று நான்கு வயசு. அவன் என்னையே பார்த்துக்கொண்டு கிட்டே கிட்டே வந்தான். அவள் திரும்பினாள், என் முகத்தைப் பார்த்தாள், பையனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அந்தாண்ட வாடா. அவங்கிட்ட போவாத."

கணியம்பாடி வண்டி வந்தது. நின்றது. ஆட்கள் ஏறினார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி போய்விட்டது. அடுத்து வந்த ஆம்பூர் வண்டியில் ஏறித் திரும்பி வந்தேன். சட்டையையும் கிலுகிலுப்பையையும் தபாலில் அனுப்பினேன். என் பிள்ளைக்கு நான் வாங்கிய முதல் துணியைத் தபால்காரன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஒன்பதாம் மாதம் ஞானஸ்நானம். எனக்காக மூன்று தடவை தள்ளி வைத்தார்களாம். நாலாவது தடவை தள்ளவில்லை. பிள்ளைக்கு ரூத் என்று பெயர் வைத்திருக்கிறோம், கோயிலில் தாவீது ஏந்திக்கொண்டு நின்றான் என்று கார்டு வந்தது. தாவீது எஸ்தரின் தம்பி. பிறகு தவழ்கிறாள், பல் முளைத்தது, நிற்கிறாள். ஒவ்வொரு கார்டுக்கும் நான் போட்ட பதில் ஒன்றேதான். அடுத்த மாதம்.

பதின்மூன்றாம் மாதத்தோடு கார்டு நின்றுவிட்டது. அப்போதாவது போயிருக்க வேண்டாமா? நான் ஹக்கீமின் புது எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தேன். இதற்கு நாற்பத்தெட்டு நாள் கணக்கு. நடுவில் விட்டால் பலன் இல்லை என்று ஹக்கீம் சொல்லியிருந்தார்.

6. கொட்டகை வாசலில்

எருமைத்தோல் இரண்டு வண்டி வந்து இறங்கியிருந்த நாள். மத்தியான வெயில். தோலை விரித்து மயிரைப் பிடிக்கிறேன், வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் எஸ்தர் நிற்கிறாள். பின்னால் தாவீது, அவன் தோளில் குழந்தை. யாரும் அழைக்காமல், தானாகவே வந்திருக்கிறாள்.

"எங்க அவ?" என்றாள்.

"எவ?"

"எவளுக்காவ என்ன அங்க உட்டுட்டு இங்க கீறியோ, அவ. பாத்துட்டுப் போறேன். வேற ஒன்னும் வாணாம்."

ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். முண்டாசை அவிழ்த்தேன்.

அவள் கிட்டே வந்தாள். தலையைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள்.

"பெரிப்பாவுக்கு வந்ததா?"

"இல்ல. டாக்டர் சீட்டு குடுத்துக்கீறாரு. அது இல்லன்னு."

"எப்பக் குடுத்தாரு?"

நான் முண்டாசுத் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"எப்பயா குடுத்தாரு?"

"ரூத்து பொறந்தப்ப."

எஸ்தர் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இன்னாத்துக்குயா வரல?" என்றாள். சத்தமே இல்லை.

"புருவம் வரட்டும்னு."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊரில் அவளைப் பார்த்து என்னென்ன கேட்டார்கள் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். புருஷன் இருக்கிறானா செத்தானா என்று கிணற்றடியில் இல்லை, கோயிலிலேயே கேட்டார்களாம். அவள் சொன்ன எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தைப் பக்கமாக நீட்டினேன். பதினாறு மாதத்துப் பிள்ளை. என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கிற்று, வீறிட்டு அலறிக்கொண்டு தாவீதின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"மொகத்தப் பாத்து பயந்துட்டா" என்றேன்.

"மொகத்துக்கு இல்லயா" என்றாள் எஸ்தர். "தாவீது மொகத்தப் பாரு."

தாவீதுக்குச் சின்ன வயசில் பெரியம்மை போட்டிருந்தது. முகம் முழுக்கக் குழி, ஒரு கண் வெள்ளையாகவே இருக்கும். முதல் தடவை பார்க்கிற பெரியவர்களே கொஞ்சம் பின்வாங்குவார்கள். ரூத் அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு விம்மினாள்.

"உன்ன யாருன்னு அதுக்குத் தெரியல. அதுக்கு அழுவுது" என்றாள் எஸ்தர்.

அப்போது குழந்தை தாவீதின் மோவாயைப் பிடித்து, "ப்பா, ப்பா" என்று வாசல் பக்கம் கையைக் காட்டியது. என்னிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகச் சொல்கிறது. தாவீது தலையைக் குனிந்துகொண்டான்.

"நா சொல்லித் தரல மாமா" என்றான். "சத்தியமா சொல்லித் தரல. அதுவா கத்துக்கிச்சு."

7. இவ்வளவுதான்

எஸ்தர் என்னோடு இருந்துவிட்டாள். தாவீது மறுநாள் ஊருக்குக் கிளம்பினபோது ரூத் தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் அழுதாள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் என் மடிக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று, என்னை அப்பா என்று கூப்பிட எட்டு மாதம் ஆயிற்று. இப்போது அவளுக்குக் கல்யாண வயசு. நல்ல பெண், என்மேல் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் ஏதாவது கஷ்டம் என்றால், "மாமாவுக்குச் சொல்லி அனுப்பும்மா" என்றுதான் முதலில் வாயில் வரும். தாவீதின்மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

முடி வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இந்த முகத்தோடுதான் வேலை பார்க்கிறேன், இந்த முகத்தோடுதான் கோயிலுக்கும் கணியம்பாடிக்கும் போய்வருகிறேன். முதலில் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை.

ஷாப்பில் இரண்டு பேருக்கு இப்போது தலையில் புழுவெட்டு விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கே போகவில்லையாம். அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐயா, வைத்தியம் பாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது புது எண்ணெய் என்று சொன்னால் இன்றைக்கும் நானே வாங்கித் தடவுகிறேன், ஆசை விட்டபாடில்லை. ஆனால் அந்த எண்ணெயைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறிவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார்ந்து தடவிக்கொள்ளலாம்.